ஷெல் என்ற சொல்லுக்கு வலப்புறம்

லாமிங்டன் ரோட்டில் மூன்றாம் மாடி.
கான்ஜிபாய் அதை எடைக்குப் போடத்தான் எடுத்து வைத்திருந்தார்.
திரையோடு சேர்த்து ஆயிரத்து நானூறு.
"ஓடுமா?" என்றேன்.
"ஓடினால் என்னிடம் சொல்லிவிடாதே,
வயிறு எரியும்" என்றார்.

டாக்ஸிக்காரர் பின்கதவைத் திறந்து
யார் வீட்டு டிவி என்று கேட்டார்.
சயான் கோலிவாடா வரைக்கும் மழை.
என் துப்பட்டா அதற்கு, எனக்கு ஒன்றுமில்லை.

அறை பத்துக்குப் பதினெட்டு.
நான், ஷர்வரி, லிஸ்ஸம்மா, ஒரு ஃபிரிட்ஜ்.
ஆளுக்கு ஒரு தட்டு அலமாரியில்,
ஆளுக்கு ஒரு ஆணி சுவரில்.
கட்டில் முனையில் பலகை போட்டு
அதை உட்காரவைத்தபோது
"வாடகையில் பங்கு தருமா?" என்றாள் லிஸ்ஸம்மா.

போட்டதும் நினைவகத்தை எண்ணியது,
படியால் அரிசி அளப்பதுபோல் டக்டக்கென்று,
நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு வரை.
பிறகு தேதி சொன்னது:
1980, ஜனவரி ஒன்று.
உள்ளே பேட்டரி எப்போதோ செத்திருக்கிறது.
அன்று நான் பிறக்கவே இல்லை என்று
தினமும் திருத்துகிறேன்.
தினமும் ஒப்புக்கொள்கிறது,
அணைத்ததும் மறந்துவிடுகிறது.

அதற்கப்புறம் அந்தப் பழைய முகப்பு.
பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் வரிசையாய்ச் சின்னங்கள்.
ஒன்றைப் பிடித்து வெளியே இழுத்தால்
தடை வட்டம் காட்டும்.
வார்டு வார்டாய்ப் பிரித்த ஆஸ்பத்திரி.
பகலெல்லாம் நான் பில் போடுவது
அங்கேதானே.

வேறொரு முகப்பு இருந்தது, மூன்று ஃப்ளாப்பியில்.
மூன்றாவதில் பூஞ்சை.
மும்பை மழை எதைத்தான் விட்டது.
காது குடையும் பஞ்சு, துளி ஸ்பிரிட்,
தகரக் கதவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு
தட்டை விரலால் சுற்றிச் சுற்றித் துடைத்தேன்.
டிரைவ் கரகரத்தது. நின்றது. கரகரத்தது.
எண்பத்தேழு சதவீதத்தில்
மூன்று பேரும் மூச்சைப் பிடித்திருந்தோம்,
எதற்கு இந்தப் பழசு என்று
காலையெல்லாம் கேட்ட ஷர்வரியும்தான்.

மிச்சம் ஒரே ஒரு வரி.
கோப்பைத் திறந்து
ஷெல் என்ற சொல்லுக்கு வலப்புறம் இருந்த பெயரை
அழித்து, இன்னொரு பெயர்.
அதற்கு முன் ஒரு நகல். நகலுக்கு ஒரு நகல்.
வீட்டில் சொல்லாமல் ரயிலேறிய அன்று
பைக்குள் சான்றிதழ்களை
மூன்று தடவை எண்ணிய கை இது.

மறுபடி தொடக்கினேன்.
மணல்கடிகாரம் அசையவில்லை.
ஜிடிபி நகரில் ஒரு லோக்கல் வந்து, போய்,
அடுத்ததும் வந்தது.

பிறகு பச்சை.
திரை முழுக்க ஒன்றுமில்லாத கடல்பச்சை.
இடது ஓரம் ஒரு டிரைவ், கீழே ஒரு குப்பைக்கூடை,
நடுவில் எவரும் இல்லை.
கெட்டுப்போயிற்று என்றுதான் நினைத்தேன்.
தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த ஷர்வரி
"கிதீ ஜாகா!" என்றாள்.
எவ்வளவு இடம் என்பதற்கு
மராட்டியில் இரண்டே சொற்கள்.

மவுஸின் வயிற்றுப் பந்தைக் கழற்றி
நகத்தால் அழுக்கைச் சுரண்டிவிட்டு
கடிதம் எழுதும் சின்னத்தை
நட்டநடுவில் இழுத்துவிட்டேன், சற்றுக் கோணலாய்.
அது நேராக்கச் சொல்லவில்லை.

கோப்புக்குப் பெயர் ஆங்கிலத்தில் எட்டெழுத்துதான்.
சௌந்தரவல்லி அதில் சௌந்தரா வரை வருவாள்.
அடையாள அட்டையிலும் அப்படியே வெட்டியிருக்கிறார்கள்,
கட்டம் போதவில்லையாம்.
இங்கே சின்னத்துக்குக் கீழே
ஒரு சீட்டு ஒட்டலாம், எவ்வளவு நீளமும்.
அடியில் இன்னும் எட்டுதான், தெரியும்.
இருந்தாலும் முழுதாய் அடித்தேன்,
அப்பா பெயரின் முதலெழுத்தை விட்டுவிட்டு.

மணி ஒன்று. விளக்கை அணைத்தாயிற்று.
சுவர் ஆணிகளில் தொங்கிய துணியெல்லாம்
பச்சையாய் நின்றன.
தூங்கிவிட்டாள் என்று நினைத்த லிஸ்ஸம்மா
போர்வைக்குள்ளிருந்து சொன்னாள்:
"அந்த வலது மூலை எனக்கு.
சீட்டாட்டத்தை அங்கே வை."

வாடகையில் எவ்வளவு குறைப்பாய் என்றேன்.